ரைட்டர் என்ன விலை?

2003-ஆம் வருஷம். சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு கம்ப்யூட்டர் கடை. உடன் வந்திருந்த என் மச்சான் கடைக்காரரிடம் என்னைப் பெருமையாக அறிமுகம் செய்து வைத்தான். "இவரு ரைட்டருங்க" என்றான். அதற்குள் என் கதைகள் இரண்டு அச்சாகியிருந்தன. ஆகவே நானும் அடக்கமாகப் புன்னகை செய்தேன். கடைக்காரர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எத்தனை எக்ஸுங்க?" என்று கேட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. அந்த நாளில் ரைட்டர் என்றால் எங்கள் பக்கத்தில் மூன்று பேர்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர். பத்திர ஆபீஸ் வாசலில் ஒருவர். மூன்றாவது, வெறும் சி.டி.யில் பாட்டையும் படத்தையும் பதிந்து தருகிற அந்தச் சின்னப் பெட்டி. கதை எழுதுகிறவன் இந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

நாங்கள் போயிருந்ததும் அந்தப் பெட்டி வாங்கத்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த எனக்கும், வேறு வேலை கிடைக்காத மச்சானுக்கும் நாமக்கல்லில் ஒரு பதிவகம் வைக்கலாம் என்று யோசனை. கல்யாண வீடியோ, கோவில் பண்டிகை, பழைய காஸெட்டைச் சி.டி.யாக மாற்றிக் கொடுப்பது என்று நாலைந்து வருஷம் அந்தக் கடை நடக்கவும் செய்தது. ரைட்டர் பெட்டிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு இருக்கும் யோக்கியதை அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் அதை எடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை நாங்கள் பரீட்சைப் பாடம் மாதிரி படித்தோம். சாம்சங், எல்.ஜி., சோனி, லைட்-ஆன், பென்க்யூ என்று மலிவு விலைப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்து மார்க் போடுவார்கள். ஒரு கட்டத்தில் விலை. அடுத்த கட்டத்தில் ஒரு முழு சி.டி.யை எழுத எத்தனை நிமிஷம் எத்தனை செகண்டு ஆயிற்று என்ற கணக்கு. இரண்டையும் வகுத்துப் பார்த்து, கொடுத்த காசுக்கு எது ஜாஸ்தி ஓடுகிறதோ அதன் தலையில் கிரீடம் வைத்துவிடுவார்கள். புத்தக மதிப்புரை எழுதியும் வாங்கியும் பழகிய பிறகு இப்போது யோசிக்கிறேன்: ஒரு நாவலுக்கு இத்தனை பக்கம், இத்தனை ரூபாய், ஆகவே பக்கத்துக்கு இத்தனை காசு என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அந்த விமர்சனம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். எக்ஸ் என்பது மடங்கு. பாட்டு கேட்கிற வேகம் ஒரு மடங்கு. அதாவது செகண்டுக்கு 150 கிலோபைட். 52 எக்ஸ் என்று பெட்டியின் நெற்றியில் போட்டிருந்தால் செகண்டுக்கு 7,800 கிலோபைட் எழுதும் என்று பொருள். எண்பது நிமிஷத் தகட்டை ஐம்பத்திரண்டால் வகுத்தால் ஒன்றரை நிமிஷம் வருகிறதே, ஒன்றரை நிமிஷத்தில் சி.டி. கைக்கு வந்துவிடும் என்று நாங்களும் நம்பினோம். வராது. தகட்டின் உள்வட்டத்தில் எழுதத் தொடங்கும்போது வேகம் அதில் பாதிகூட இராது; வெளி ஓரத்துக்கு வந்து சேரும்போதுதான் ஐம்பத்திரண்டைத் தொடும். ஆரம்ப, முடிவுச் சடங்குகளையும் சேர்த்தால் இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகிவிடும். நாற்பது எக்ஸ் பெட்டிக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். பதினாறு எக்ஸில் எழுதினால் ஐந்து நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ஆக, நாற்பதுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவே பத்திரிகைகள் நடத்திய பெரும் போரெல்லாம் சில்லறைச் செகண்டுகளுக்காகத்தான். பில் போட்டு மீதிச் சில்லறை தேடுவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும்.

அந்தச் செகண்டுகளுக்கு நாம் கொடுக்கிற விலை வேறு. ஐம்பத்திரண்டு எக்ஸில் தகடு நிமிஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் தடவை சுற்றுகிறது. அதற்கு மேலே போனால் தகடே சிதறிவிடும் ஆபத்து உண்டு என்பதால்தான் உலகத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிட்டன. லேஸர் ஒளி தகட்டில் பள்ளம் ஒன்றும் தோண்டுவதில்லை. உள்ளே பூசியிருக்கிற சாயத்தைச் சுட்டு நிறம் மாற்றுகிறது, அவ்வளவுதான். தோசைக்கல் மாதிரி. நிதானமான சூட்டில் வார்த்தால் ஒரு பதம். அவசரமாக வார்த்தால் வேறு பதம். வார்த்த உடனே பார்த்தால் இரண்டும் தோசைதான்.

அடுத்தது, நடுவில் தடைபடுகிற விஷயம். ஆரம்ப காலத்துப் பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் வருவது ஒரு கணம் நின்றாலும் போதும். பாதியில் எழுதிய தகடு குப்பைக்குத்தான். இந்தத் தொல்லைக்கு ஜப்பானிய ஸான்யோ கம்பெனி 2000-ஆம் வருஷம் ஒரு வழி கண்டது. தகவல் நின்றால் பெட்டியும் நின்று, விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, மறுபடி அங்கிருந்தே தொடரும். இரண்டு மூன்று வருஷத்துக்குள் மலிவுப் பெட்டிகளுக்கெல்லாம் இந்த வித்தையோ இதன் தம்பியோ வந்துவிட்டது. ஆகவே 2003-ல் விலை ஏறிய பெட்டிக்கும் மலிவுப் பெட்டிக்கும் இருந்த பெரிய வித்தியாசம் பஃபர் ஒன்றுதான் என்று சொல்லலாம். பெரும்பாலானவற்றில் இரண்டு மெகாபைட். ப்ளெக்ஸ்டர் மாதிரி உயர்ந்த ஜாதியில் எட்டு. இரண்டு மெகாபைட் என்பது முழு வேகத்தில் கால் செகண்டுத் தகவல். எட்டு என்றால் ஒரு செகண்டு. மின்சாரம் போய்விட்டால் இரண்டும் ஒன்றுதான். ராசிபுரம் பக்கத்தில் மின்சாரம் போவதற்குப் பஃபரைக் கேட்டுக்கொண்டா போகிறது?

விலையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1995-ல் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனி 995 டாலருக்கு ஒரு ரைட்டர் கொண்டுவந்ததே உலகச் செய்தியாக இருந்தது; ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் பெட்டி அது. நம் காசில் அன்றைக்கு முப்பதாயிரத்துக்கு மேல். எட்டு வருஷத்தில் அது இரண்டாயிரம் ரூபாய்க்குச் சமீபமாக இறங்கி, நாமக்கல்லில் வேலை இல்லாத இரண்டு பேர் வாங்கும்படி ஆகிவிட்டது. மலிவு என்பதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி மலிவாகியிராவிட்டால் எங்கள் கிராமங்களின் குரல் ஒன்றுகூடத் தகட்டில் ஏறியிராது.

ஆனால் நாங்கள் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கினோமே, அது சரியான கணக்கா? மாசத்துக்குப் பத்து சி.டி. எழுதுகிற வீட்டுக்காரருக்கு அது சரி. மூன்று வருஷத்தில் முந்நூற்றறுபது தகடு. தகட்டுக்கு மூன்று ரூபாய் மிச்சம். ஆயிரக்கணக்கில் எழுதப்போகிற எங்களுக்கு அது தகட்டுக்குச் சில காசு. அந்தக் காசை நாங்கள் பெட்டியில் மிச்சம் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில், வெறும் தகடு வாங்கும்போதும் அதே புத்தியைக் காட்டினோம். உறையில்லாமல், கம்பியில் கோத்து நூறு நூறாக வரும் பெயர் தெரியாத தகடுகள். எங்கள் தொழிலின் பாவம் அங்கேதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நம் நாட்டில் தகடு செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. மோசர் பேயர் என்ற டெல்லிக் கம்பெனி உலகத்தில் முன்வரிசையில் நின்று சி.டி. செய்தது. பிற்பாடு சினிமாப் படங்களையே இருபத்தெட்டு ரூபாய்க்கு விற்றுத் திருட்டு சி.டி.காரர்களைத் திகைக்க வைத்தது. 2018-ல் அந்தக் கம்பெனியைக் கலைத்துவிட உத்தரவாயிற்று. தகட்டுச் சாயத்தில் பெயர் பெற்ற ஜப்பானிய தையோ யூடென்கூட 2015-ல் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. கடை கட்டியவர்களைப் பற்றிப் புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதுகிறவர்களும் போய், தகடு செய்கிறவர்களும் போய், எழுதப்பட்டது மட்டும் வீட்டுப் பீரோக்களில் உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றியிராது. போன மாசம் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், அடையாளம் தெரியவில்லை. "நாந்தாங்ணா அன்னிக்குப் பிரகலாதன் வேஷம் கட்டுனவன்" என்றார்.

2004-ஆம் வருஷம் ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாரியம்மன் பண்டிகை. இரணியன் கூத்து. ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டிக் காலை ஆறு மணிக்கு முடிந்தது. நானும் மச்சானும் காமிரா வைத்து முழுவதையும் பிடித்தோம். வீடியோ சி.டி. என்றால் தகட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் கொள்ளும். எனவே எட்டுத் தகடு. இரணியனாக வேஷம் கட்டியவர் அந்த ஜமாவின் வாத்தியார். பன்னிரண்டு வயதில் பிரகலாதனாக நின்ற பையன் அவர் மகன். வாத்தியார் போன வருஷம் தவறிவிட்டார். வீட்டில் இருந்த சி.டி.கள் ஒன்றும் ஓடவில்லை. "அப்பா பேசுனது உங்ககிட்ட இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார் மகன்.

அவர் கொண்டுவந்த எட்டுத் தகடுகளையும் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவை எங்கள் விலை உயர்ந்த பெட்டியில் எழுதியவை. தொழில் சூடு பிடித்த பிறகு, மலிவுப் பெட்டியைப் போல் மூன்று பங்கு விலை கொடுத்து இரண்டாவது ரைட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். ஊரார் முப்பது செட் கேட்டார்கள்; முப்பது எட்டு இருநூற்று நாற்பது தகடு; மறுநாள் சாயந்திரத்துக்குள் வேண்டும். கம்பியில் கோத்த தகடு, ஐம்பத்திரண்டு எக்ஸ், புதுப் பெட்டி. எல்லாம் அன்றைக்கு ஓடின. பண்டிகை முடிந்து ஊரெல்லாம் கூத்துப் பார்த்தது. இப்போது தகட்டின் அடிப்புறம் ஓரங்களில் வெளுத்து, மேல்பூச்சு அங்கங்கே செதிலாக எழும்பியிருக்கிறது. கீறல் விழும் என்று பயந்து எல்லோரும் அடிப்பக்கத்தையே பத்திரப்படுத்துகிறோம். உண்மையில் எழுத்து இருப்பது பெயர் எழுதுகிற மேல்பக்கத்தை ஒட்டி. அதற்குக் காவல் மெல்லிய வார்னிஷ் ஒன்றுதான். ஓட்டு வீடு, இரும்பு டிரங்குப் பெட்டி, இருபது சித்திரை வெயில். சாயம் தாங்குமா?

என் வீட்டுப் பரணில் மூலப் பிரதி இருந்தது. அது மலிவுப் பெட்டியில், கொஞ்சம் நல்ல தகட்டில், பதினாறு எக்ஸில் எழுதியது. பதினாறு எக்ஸ் என்பது எங்கள் ஞானத்தினால் அல்ல. அந்த முதல் பிரதியை எழுதிய ராத்திரி கடையில் வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். ஏழு தகடுகள் ஓடின. வாத்தியார் கர்ஜித்தார், முகவீணை அழுதது, பின்னால் யாரோ குழந்தை தூங்காமல் சிணுங்கியதுகூடக் கேட்டது.

ஆக, பத்திரிகைகள் இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் போட்ட மார்க்கை என் பரணும் வாத்தியாரின் டிரங்குப் பெட்டியும் சேர்ந்து திருத்திவிட்டன. உயர்ந்த பெட்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. அதையும் நிதானமாக, நல்ல தகட்டில் ஓட்டியிருந்தால் அதுவும் நன்றாகவே எழுதியிருக்கும். பெட்டிகளுக்குள் இருந்த வித்தியாசத்தைவிட, தகடுகளுக்குள்ளும் நம் அவசரத்துக்குள்ளும் இருந்த வித்தியாசம் பெரிது. ஒப்பிட வேண்டியதை விட்டுவிட்டு ஒப்பிடச் சுலபமானதை ஒப்பிட்டார்கள் என்பதுதான் அந்த விமர்சனங்களின் மேல் என் புகார்.

அளக்க முடியாத விஷயமும் அல்ல அது. எந்தத் தகட்டிலும் பிழை இருக்கும். செகண்டுக்கு 220 பிழைவரை நல்ல தகடு என்று ஒப்புக்கொள்கிறது சி.டி.யின் அதிகார நியமம். ஓட்டுகிற யந்திரம் ஓசைப்படாமல் அவற்றைத் திருத்திக்கொண்டே போகும், கேட்கிறவருக்குத் தெரியாது. திருத்துகிற சக்திக்கு மேல் பிழை பெருகிய அன்றுதான் படம் உறையும், குரல் திக்கும். எழுதி முடித்த அன்றே அந்தப் பிழைகளை எண்ணிப் பார்த்தால் எது ஆரோக்கியமாகப் பிறந்தது, எது சவலை என்று ஓரளவு சொல்லிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், லைட்-ஆன் மாதிரி மலிவுப் பெட்டிகளிலேயே அதை எண்ணிப் பார்க்க முடிந்தது. அதற்கான சின்னப் புரோகிராமும் இலவசமாகக் கிடைத்தது. எங்கள் கைக்கு வந்த பத்திரிகைகளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. வீடியோ சி.டி.க்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். எழுநூறு மெகாபைட் தகட்டில் எண்பது நிமிஷப் படம் அடங்குவதே, சாதாரணத் தகவலுக்கு இருக்கும் கூடுதல் பிழைக்காப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் படத்துக்குக் கொடுத்துவிடுவதால்தான். கூத்து, கல்யாணம், சாவு வீட்டு ஒப்பாரி என்று நாம் எதை அதிகம் பொக்கிஷமாக நினைத்தோமோ, அதைக் காவல் குறைந்த அறையில் வைத்தோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத விவேகமா? நாமக்கல்லில் லாரி வாங்குகிறவர் எத்தனை வேகம் ஓடும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை டன் தாங்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஐந்து வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்றுதான் கேட்பார். புதன்சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் துண்டுக்கடியில் விரலைக் கொடுக்கமாட்டார். ரைட்டர் விஷயத்தில் மட்டும் நாங்கள் பல்லைப் பார்க்கவில்லை. கொம்புக்கு அடித்திருந்த வர்ணத்தைப் பார்த்தோம்.

சேலத்துக்கு இந்த நஷ்டம் புதிதும் அல்ல. ஏற்காடு அடிவாரத்துச் சாலையில் இன்று வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1938-ல் 'பாலன்' என்ற முதல் மலையாளப் பேசும் படத்தைத் தயாரித்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் சில போட்டோக்களும்தான் மிச்சம். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் அம்மையார் 1965-ல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன்மார் கதையை நாடாவில் பதிந்து எடுத்தார். இருபத்தேழு வருஷம் கழித்து 1992-ல் சென்னையில் அது இரண்டு பாகப் புத்தகமாக வந்தது. பதிவு செய்ததை யாரோ ஒருவர் அத்தனை காலமும் தொட்டு, கேட்டு, எழுதிக்கொண்டே இருந்தார். நாங்கள் முப்பது செட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணினோம்.

எட்டில் ஏழு ஓடிற்று என்றேன். ஓடாதது ஆறாவது தகடு. அதன் அசலை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதில் அந்த முப்பது செட்டில் மிஞ்சியிருந்த ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. ராத்திரி மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை உள்ள பகுதி அது. தகப்பனும் மகனும் தர்க்கம் செய்கிற இடம். அதாவது வாத்தியாரும் அவர் பையனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிற ஒரே ஒரு மணி நேரம். நாமக்கல் மலையடிக் குடைவரையில் எட்டாம் நூற்றாண்டு இரணியன் இன்னும் நரசிம்மரின் மடியில் கிடக்கிறான். எங்கள் இரணியன் இருபது வருஷம் தாக்குப் பிடிக்கவில்லை.

இன்றைய யு.எஸ்.பி. பெட்டி அந்தத் தகட்டை உள்ளே வாங்கிச் சுற்றிவிட்டுக் காலி என்று வெளியே தள்ளிவிட்டது. மச்சானுக்குத்தான் யோசனை வந்தது. பழைய மலிவுப் பெட்டியைத் தேடி எடுத்தான். ஈரோட்டில் ஒரு கடையில் அதன் பட்டை வயரை யு.எஸ்.பி.யாக மாற்றும் துண்டு ஒன்றும் கிடைத்தது. ஒரு யந்திரம் கைவிட்ட தகட்டை இன்னொன்று படிப்பது உண்டு. வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் படிக்கும். நாலு மடங்கில் வைத்திருக்கிறோம். முதல் பதினோரு நிமிஷம் வந்துவிட்டது. அப்புறம் ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பத் தேடுகிறது.

மகன் தினமும் ராத்திரி போன் செய்கிறார்.

"ஆறாவது வந்துருச்சுங்களாண்ணா?"

"இன்னும் சுத்திக்கிட்டிருக்குது தம்பி. பன்னெண்டாவது நிமிஷத்துல நிக்குது."